டிக்கிப் பக்கம் ஒரு கடகட

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில், செம்பட்டிக்குச் சற்று முன்னால், வண்டிகளின் வேகத்தைக் குறைக்கச் சாலையின் குறுக்கே வரிசையாக வெள்ளைப் பட்டைகள் போட்டிருந்தார்கள். அவற்றின் மேல் ஏறியபோதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். சக்கரங்கள் தடதடவென்று கடந்தன. அது எல்லா வண்டிக்கும் உள்ளது. கூடவே, பின் இருக்கைக்கும் அப்பால் எங்கோ, தகர டப்பாவுக்குள் நாலு புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு கடகட. பட்டைகள் முடிந்ததும் அதுவும் நின்றுவிட்டது.

ஊருக்குள் வந்ததும் ஒரு வேகத்தடை. மெதுவாக ஏறி இறங்கினேன். வண்டி நன்றாக ஆடியது. சத்தமே இல்லை. விரல் தடிமன்கூட இல்லாத பட்டைக்குக் கத்துகிற வண்டி, இவ்வளவு பெரிய மேட்டுக்கு ஏன் சும்மா இருக்கிறது? சத்தத்தைவிட இந்தக் கேள்விதான் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி விடை தெரிந்திருக்கும். அரிசி முறத்தோடு ஒட்டியிருப்பதில்லை. தன் எடையால் அதன்மேல் கிடக்கிறது, அவ்வளவுதான். முறத்தை மெல்ல மேலே தூக்கி மெல்லக் கீழே இறக்கினால் அரிசியும் கூடவே வந்து போகும். ஆனால் புடைக்கிற கை முறத்தைக் கீழே இழுக்கும் வேகம் வேறு. புவியீர்ப்பு அரிசியை இழுப்பதைவிடக் கை முறத்தை விரைவாக இழுத்துவிடுகிறது. அரிசியால் அந்த வேகத்துக்கு விழ முடிவதில்லை. ஒரு கணம் அது காற்றில் தனியாக நிற்கிறது. பிறகு இரண்டும் மறுபடி சந்திக்கும்போது 'சல்' என்கிறது. அந்தச் சந்திப்புதான் சத்தம். காரின் தரையை முறம் என்று வைத்துக்கொண்டால், அதன்மேல் எடையால் மட்டும் கிடக்கும் எல்லாமே அரிசிதான்: ஜாக்கி, ஸ்பானர் பை, ஸ்டெப்னி, பார்சல் டிரே.

கணக்கு எளிது. தரை கீழ்நோக்கிப் போகும் முடுக்கம் நொடிக்கு நொடி 9.8 மீட்டரைத் தாண்டினால் மேலிருக்கும் பொருள் பிரிந்துவிடும். அந்த முடுக்கம், தரை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதையும், நொடிக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்பதன் வர்க்கத்தையும் பொறுத்தது. அந்த வர்க்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. சுருள்வில்லின் மேல் உட்கார்ந்திருக்கும் காரின் உடல், பெரிய மேட்டில் ஏறி இறங்கினால் நொடிக்கு ஒன்றேகால் தடவைபோல ஆடும். அந்த நிதானமான ஆட்டத்தில் ஜாக்கியைத் தரையிலிருந்து பிரிக்க வேண்டுமென்றால் வண்டி நடுநிலையிலிருந்து 16 செ.மீ. மேலும் கீழும் ஆட வேண்டும். அப்படி ஆடினால் ஜாக்கியைப் பற்றிக் கவலைப்பட வண்டிக்குள் யாரும் இருக்க மாட்டார்கள். அதே தரை நொடிக்கு 10 தடவை ஆடினால் 2.5 மி.மீ. போதும். 25 தடவை ஆடினால் 0.4 மி.மீ., அதாவது ஏறக்குறைய ஒரு நகத்தின் தடிமன்.

இப்போது செம்பட்டிப் பட்டைகளுக்கு வருவோம். அவை ஒரு மீட்டருக்கு ஒன்றாக இருப்பதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 10 மீட்டர் கடக்கும். நொடிக்கு 10 அடி வாங்கும். டயருக்கும் சுருள்வில்லுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கும் சக்கரத்துக்கு என்று சொந்தமாக ஓர் ஆட்டம் உண்டு. பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 தடவை. ஊஞ்சல் பின்னுக்கு வந்து திரும்புகிற தருணம் பார்த்துத் தள்ளினால் சின்னக் குழந்தைகூடப் பெரியவரை உயர ஆட்டிவிடும். பட்டைகள் என் சக்கரத்தை அப்படித்தான் தள்ளின. வேகத்தடை ஒரே ஒரு தடவை, அதுவும் மெதுவாகத் தள்ளியது.

ஆகவே சத்தத்தைத் தேடுகிறவர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது, அது எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்பதைத்தான். எங்கிருந்து வருகிறது என்பது அதற்குப் பிறகு.

ஏனென்றால் 'எங்கே' என்ற கேள்விக்குக் காருக்குள் உட்கார்ந்திருக்கும் காது சரியான பதில் சொல்லாது. வலப்பக்கம் எழும் ஒலி வலக்காதை முதலில் எட்டுகிறது. தலையைச் சுற்றிக்கொண்டு இடக்காதுக்குப் போக, மிஞ்சிப்போனால் 0.7 மில்லி நொடி கூடுதலாகிறது. அந்த நூலிழை வித்தியாசத்தை மூளை பிடித்துவிடுகிறது. கீச்சொலிகளில், தலை நடுவில் நின்று மறைப்பதால் ஒரு காதுக்கு ஒலி குறைந்து கேட்பதும் துணைக்கு வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்து ராலே பிரபு 1907-ல் விளக்கினார். ஆனால் நேர் பின்னாலிருந்து வரும் ஒலி இரு காதுகளையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் எட்டுகிறது. நேர் முன்னாலிருந்து வருவதும் அப்படியே. முன்னா பின்னா என்று தெரிந்துகொள்ள இயல்பாகவே தலையைத் திருப்பிப் பார்ப்போம். ஓட்டுகிறவர் அதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. போதாக்குறைக்குக் கண்ணாடிகள் ஒலியை நாலா பக்கமும் திருப்பியடிக்கின்றன.

தகடும் ஏமாற்றும். காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி, இரும்பில் ஏறக்குறைய 5,000 மீட்டர் போகிறது. ஒரு மூலையில் மோதியது, வண்டியின் உடல் வழியாக ஓடி, எந்தத் தகடு அகலமாகவும் தளர்வாகவும் இருக்கிறதோ அங்கே வெளியே வரும். வீணையில் மீட்டுவது தந்தியை. கேட்பது குடத்தின் குரலை. தகட்டுக்குள்ளும் எல்லா இடமும் ஒன்றல்ல. ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் கிளாட்னி, தகட்டின் மேல் மணலைத் தூவி, விளிம்பில் வயலின் வில்லால் தேய்த்துக் காட்டியதை 1787-ல் நூலாக வெளியிட்டார். துடிக்கும் இடத்திலிருந்து மணல் துள்ளி விலகி, அசையாத கோடுகளில் போய்ச் சேர்ந்து கோலம் போட்டது. டிக்கியில் ஓர் இடத்தில் கத்துகிற ஸ்பானர், ஒரு சாண் தள்ளி வைத்ததும் அடங்கிவிடுவதுண்டு. அதுவும் இந்தக் கோலத்தின் வேலைதான்.

திசை தெரியாவிட்டாலும், சத்தத்துக்குப் பெயர் வைக்க நமக்குத் தெரியும். தமிழில் அதற்கு இருக்கும் வசதியை நான் பெரிதாக மதிக்கிறேன். கடகட, லொடலொட, தடதட, கிடுகிடு, சலசல, நறநற. இந்த இரட்டைக்கிளவிகளைப் பிரித்து ஒற்றையாகச் சொல்ல முடியாது என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே விதி சொல்லியிருக்கிறது. மொழிக்குச் சொன்ன அந்த விதி ஒலிக்கும் பொருந்துகிறது. கடகட என்பது ஒற்றை மோதல் அல்ல. இரண்டு பொருள்கள் பிரிந்து, சேர்ந்து, பிரிந்து, சேர்ந்துகொண்டே இருப்பது. பள்ளத்தில் விழும்போது ஒரே ஒரு 'டொக்' என்றால் அது வேறு ஆள்: தேய்ந்துபோன புஷ்ஷோ, ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட்டோ. 'கிறீச்' என்றால் மோதலே இல்லை, உரசல். ஒட்டிக்கொள்வதும் வழுக்குவதும் மாறி மாறி நடக்கிறது. வயலின் வில் தந்தியில் செய்வதும் அதைத்தான். லொடலொட என்றால் உள்ளே கூடான ஏதோ ஒன்று. வாகனப் பொறியாளர்களும் ரீங்காரம், கிறீச்சிடல், கடகடப்பு என்று மூன்றாகப் பிரித்துத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். நம்மிடம் மூன்றுக்கும் மேலேயே இருக்கிறது.

நான் முதலில் வண்டியைக் கொண்டுபோன இடத்தில் இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "பின்னாடி ரெண்டு ஷாக்கும் போச்சு, மாத்திரணும்" என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஷாக் அப்சார்பர் என்பது எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியாகப் பிதுக்கி, ஆட்டத்தை வெப்பமாக மாற்றும் ஒரு குழாய். அது போய்விட்டால் வண்டியின் மூலையை அழுத்தி விட்டதும் இரண்டு மூன்று தடவை குதிக்கும். என் வண்டி ஒரு தடவை எழுந்து அப்படியே அமர்ந்தது. குழாய்மேல் எண்ணெய்க் கசிவும் இல்லை. இந்தச் சோதனை முடிவான தீர்ப்பு அல்ல என்றாலும், பல ஆயிரம் ரூபாய் செலவழிக்கும் முன்பு யோசிக்க வைக்க அது போதும்.

வேறொன்றைப் பார்க்கும் முன், நான் வீல் நட்டுகளைப் பார்த்தேன். இதை மட்டும் யாரும் தள்ளிப்போட வேண்டாம். பஞ்சர் போட்டோ டயர் மாற்றியோ வந்த பிறகு பின்னால் புதுச் சத்தம் கேட்டால், அது எந்த வகைச் சத்தமாக இருந்தாலும், வண்டியை ஓரமாக நிறுத்தி நட்டுகளைச் சரிபாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவும் கூடாது.

பிறகு பழனி ரோட்டில், நண்பர் ஒருவர் சொன்ன சின்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக்குக்குக் கிட்டத்தட்ட அறுபது வயது. வண்டியைத் தொடவே இல்லை.

"என்ன மாதிரி சத்தம் சார்?"

"கடகடன்னு வருதுண்ணே. வெள்ளைப் பட்டையில மட்டும்."

"நிக்கிறப்ப வருதா? நியூட்ரல்ல போட்டு ரேஸ் பண்ணுங்க."

செய்தேன். எஞ்சின் சத்தம் ஏறி இறங்கியது. பின்னால் ஒன்றும் இல்லை. அந்த ஒரு நிமிடத்தில் சைலன்ஸரும், அதன் மேல் மூடியிருக்கும் வெப்பத் தகடும், எஞ்சினோடு ஆடும் எல்லாமும் பட்டியலிலிருந்து போயின. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றுச் சும்மா ஓடும்போதே நொடிக்கு 25 தடவை உதைக்கிறது. தளர்ந்த தகட்டுக்கு அது போதுமானது. இராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம் என்று பேருந்துகளில் எழுதியிருந்த காலத்தில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். நிற்கிற பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர்கள் எல்லாம் பேச்சே கேட்காத அளவுக்கு நடுங்கும். டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் சட்டென்று அடங்கும். ஆறு சிலிண்டர் எஞ்சின் 600 சுற்றில் நொடிக்கு 30 தடவை உதைக்கும். ஷட்டரின் சொந்த ஆட்டத்தோடு அது பொருந்திவிட்டால் நடுக்கம். சுற்று ஏறினால் பொருத்தம் விட்டுப்போகும்.

அடுத்து டிக்கியைக் காலி செய்யச் சொன்னார். ஜாக்கி, ஸ்பானர் பை, பார்சல் டிரே, கடைசியாக ஸ்டெப்னி. 1904-ல் வேல்ஸின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் உதிரிச் சக்கரம் ஒன்றை உருவாக்கி, தெருவின் பெயரையே அதற்கு வைத்து விற்றார்கள். பிறந்த நாட்டில் மறைந்துவிட்ட அந்தச் சொல் நம் ஊர் பஞ்சர் கடைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பின்பக்கக் கடகடப்புக்குப் பெரும்பாலும் முதல் காரணமும் ஸ்டெப்னிதான். அதைப் பிடித்திருக்கும் போல்ட் அரைச் சுற்றுத் தளர்ந்தால் போதும். எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு ஓட்டினோம். அவர் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். சத்தம் அப்படியே இருந்தது.

ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், மெதுவாகப் போகும்போது, ஹேண்ட் பிரேக்கைத் துளி இழுக்கச் சொன்னார். டிரம்முக்குள் பிரேக் ஷூ தளர்ந்து ஆடினால், இழுத்ததும் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு அமைதியாகிவிடும். அமைதியாகவில்லை. "காலையில வருதா, மத்தியானம் வருதா?" என்று அடுத்துக் கேட்டார். நல்ல கேள்வி. ஒரு மீட்டர் நீளமுள்ள பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக், 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மி.மீ. நீளும், அதே நீள இரும்பு அரை மி.மீ.கூட நீளாது. அதனால் காலைக் குளிரில் ஆடுகிற பிளாஸ்டிக் பட்டி, வெயிலில் நிறுத்தியெடுத்த காரில் இறுகி அமைதியாவதுண்டு. சில வண்டிகளில் நேர்மாறாகவும் நடக்கும். என் வண்டியில் விடியற்காலையும் உச்சி வெயிலும் ஒன்றுபோலவே இருந்தன. பிளாஸ்டிக் மேல் எனக்கிருந்த சந்தேகம் பாதிக்குமேல் குறைந்தது.

இவற்றில் எதுவும் சத்தத்தை நிறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கதவைச் சாத்தியது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். ஸ்டெப்னியை இறக்கிய அதே ஓட்டத்திலேயே ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துப் பார்த்து, சத்தமும் நின்றிருந்தால், எது நிறுத்தியது என்று சொல்லவே முடியாது. ஆய்வகத்தில் இதைப் பரிசோதனை வடிவமைப்பு என்று பாடமாக நடத்துகிறோம்.

கடைசியில் பின்கதவைத் திறந்து, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்தார். வண்டியின் உடலில் கீழ்ப்பக்கம் வளையமாக ஒரு கம்பி இருக்கிறது. கதவை அறைந்து சாத்தும்போது, கதவிலிருக்கும் கொக்கி சுழன்று அந்தக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். கம்பிமேல் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினார். "இப்பப் போய்ட்டு வாங்க."

பட்டைகளின் மேல் மூன்று தடவை போய் வந்தேன். தடதட மட்டும்தான்.

"பேக் டோர் லாக்ல ஆட்டம் சார். ரப்பர் செத்துப்போச்சு." கதவின் இரு ஓரங்களிலும் இருந்த குமிழ் ரப்பர்களைக் காட்டினார். கதவு மூடியிருக்கும்போது அவை நசுங்கியபடி கதவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளிக்கொண்டிருந்தால் கொக்கியும் கம்பியும் எப்போதும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும், பிரியவே முடியாது. ஆடிக் காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னலில் காகிதத்தை மடித்துச் செருகுவோமே, அதே வேலை. வருடக்கணக்கான வெயிலில் ரப்பர் இறுகித் தட்டையாகியிருந்தது. அதனால் கொக்கிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி விழுந்திருந்தது. கதவு பூட்டியேதான் இருந்தது. அந்த இடைவெளிக்குள்தான் ஆடியது. அந்தக் குமிழ்களைத் திருகி உயர்த்தலாம். ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று வெளியே எடுத்தார். டேப்பைப் பிரித்துவிட்டுக் கதவைச் சாத்தியபோது, சத்தமே வேறாக இருந்தது: 'டங்' என்று இருந்தது 'தப்' என்று ஆகியிருந்தது.

பூட்டுக்குப் பேர்போன ஊரில், பூட்டில் இருந்த ஆட்டத்தை இத்தனை நாள் நான் யோசிக்கவில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லாம்பட்டிப் பக்கம் பட்டறைகளில் கையாலேயே அரம் போட்டுச் செய்கிற மாங்காய்ப் பூட்டை ஒருமுறை கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய லீவர்கள் ஒவ்வொன்றும் தனித்தனி உயரத்துக்கு எழும்ப வேண்டும். எழும்ப இடைவெளி வேண்டும். அது குறைந்தால் தூசியிலும் துருவிலும் பூட்டு இறுகிவிடும். கூடினால் இன்னொரு சாவிக்கும் அது திறந்துகொள்ளும். அந்த மெல்லிய அளவை விரல் நுனியிலும் அரத்தின் ஓசையிலும் அறிகிறவர்கள் அந்தக் கைவினைஞர்கள். லீவர்களை ஒரு வில் அழுத்திப் பிடித்திருப்பதால் இடைவெளி இருந்தும் பூட்டு கடகடப்பதில்லை. என் காரில் அந்த வில்லின் வேலையைச் செய்ய வேண்டியதுதான் அந்த ரப்பர். இயங்குகிற எந்தப் பொருளிலும் இடைவெளியை ஒழிக்க முடியாது. அதை அழுத்திப் பிடிக்க ஏதாவது இருந்தால் சரி.

பணம் கேட்கத் தயங்கினார். வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் இரவு, சாலை காலியாக இருந்தபோது, மறுபடியும் செம்பட்டிப் பக்கம் போனேன். பட்டைகளின் மேல் ஏறியதும் பின்னாலிருந்து மெல்லிய 'டிக் டிக் டிக்'. நெஞ்சு திக்கென்றது. பழையது திரும்பிவிட்டதா? இல்லை, பெயர் வேறு. இது கடகட அல்ல; சின்ன, காய்ந்த, பிளாஸ்டிக் மேல் விழும் சத்தம். முன்பும் இருந்திருக்க வேண்டும். பெரிய ஒலி இருக்கும்போது அதற்கு நெருங்கிய சுருதியில் இருக்கும் சிறிய ஒலியைக் காது விட்டுவிடுகிறது. மறைத்திருந்தது போனதும் மறைந்திருந்தது கேட்கத் தொடங்கியது. மின்சாரக் கார்களைச் செய்கிறவர்கள் கடகடப்போடு இன்று அதிகம் மல்லாடுவதும் இதனால்தான்: எஞ்சின் இரைச்சல் என்ற போர்வை போய்விட்டதால், அதன் கீழ் இத்தனை வருடம் ஒளிந்திருந்த சின்னச் சத்தங்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன.

வண்டியை ஓரமாக நிறுத்தி, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் பின் இருக்கையைப் பார்த்தேன். நடு இருக்கையின் சீட் பெல்ட் நாக்கு, கதவுப் பக்கப் பிளாஸ்டிக்கைத் தொட்டபடி தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து அதன் பூட்டில் செருகினேன். 'க்ளிக்'. திரும்பி வரும் வழியில் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யையும் நிறுத்திவிட்டு, அதே பட்டைகளின் மேல் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஏறினேன். டயர்கள் மட்டும் தடதடத்தன.